கட்டைவிரல் எட்டும் தூரம்

நோயாளிப் பராமரிப்பு ஏஜென்சியில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். நோயாளிகளுக்கு நகம் வெட்ட முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பாள் என்பது ஒன்று. அவளிடம் வாயைக் கொடுத்தவர் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை என்பது இன்னொன்று. முதல் காரணத்தை ஒப்புக்கொள்வாள். இரண்டாவதைச் சொன்னால், "யார் சொன்னது, கூப்பிடு அவங்களை" என்பாள்.

வயது ஐம்பத்தெட்டு. ஆள் குள்ளம். தொண்ணூறு கிலோ ஆளையும் தனியாகப் புரட்டிப் படுக்க வைப்பாள். அதற்குப் பலம் வேண்டாம், எந்த முழங்காலை எப்போது மடக்குவது என்று தெரிந்தால் போதும்.

இந்த வேலைக்கு அவள் வந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. அவளுடைய மாமியார் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். ஒன்பது வருஷமும் திட்டினார். தலையணை சரியில்லை என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே இவள் ஆறு மாத நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பயிற்சியாளர் வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் இரக்கம், அன்பு, தொண்டு என்றார்கள். இவள் முறை வந்தபோது, "சும்மா துடைச்சேன். இனிமே சம்பளத்துக்குத் துடைக்கலாம்னு வந்தேன். திட்டு வாங்கியும் பழக்கம் இருக்கு" என்றாள். அந்த வகுப்பில் சேர்ந்த பதினாறு பேரில் இன்றைக்கும் இதே வேலையில் இருப்பவள் இவள் ஒருத்திதான்.

போன்களைப் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. அது ஒரு பெரிய போன் கற்றுக்கொடுத்த கொள்கை. வெளியூரில் இருக்கும் அவள் மகள், அம்மா வீடியோவில் முகம் காட்ட வேண்டும் என்று முழங்கை நீளத்துக்கு ஒன்று வாங்கி அனுப்பினாள். சட்டைப்பையில் பாதிதான் உள்ளே போயிற்று. மூன்றாம் நாள், ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியையைக் குனிந்து தூக்கும்போது அது பையிலிருந்து நழுவி அந்த அம்மாளின் நெற்றியில் விழுந்தது. நெற்றி புடைத்தது. போனுக்கு ஒரு கீறலும் இல்லை. அன்று சாயங்காலமே அதைத் துணியில் சுற்றி மகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். "ஒரு கையில ஆளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பேச முடியணும். முடியலைன்னா அது போன் இல்லை, பலகை" என்று மகளிடம் சொன்னாள். இப்போது அவள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்குவது பொத்தான் வைத்த சின்னப் போன். அதன் விளக்கு நோயாளியின் தொண்டையைப் பார்க்க உதவும்.

நான்கு மாதமாக அவள் பார்த்துவந்த நோயாளி ஒரு டிக்கெட் பரிசோதகர். முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்து அபராதம் போட்டவர். கர்ப்பிணிக்கும் போட்டவர், கல்யாண மாப்பிள்ளைக்கும் போட்டவர். ஒருமுறை சொந்தத் தங்கைக்கே போட்டார். அந்தத் தங்கை அன்றிலிருந்து பேசவில்லை. வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை அபராதம் என்றுதான் சொல்வார்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் போயிற்று. கூடவே பேச்சும் போயிற்று.

பேச்சுப் போவதில் இரண்டு வகை. சிலருக்குச் சொற்களே தொலைந்துவிடும். சிலருக்குச் சொற்கள் அப்படியே இருக்கும், வாயும் நாக்கும் மட்டும் கேட்காது. இவருக்கு இரண்டாவது வகை. உள்ளே முப்பத்தோரு வருஷத் திட்டும் பத்திரமாக இருந்தது. வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. கீழே வட்டப் பொத்தான் வைத்த, உள்ளங்கை அகலமே இருந்த அவருடைய பழைய போன். இடது கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் திரையின் எந்த மூலையையும் தொடுவார். முதல் நாள் அவளுக்கு எழுதிக் காட்டியது, "உன் கை நாறுகிறது."

"மருந்து சோப்பு சார்," என்றாள் அவள். "நீங்க நாறாம இருக்கத்தான்."

அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள். பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது.

தகராறு வந்தது போனில் இருந்த உறவினர் குரூப்பால். மருமகளின் அண்ணன் புதுவீடு கட்டி, வாசலில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார். இருபத்தாறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். இருபத்தேழாவதாக இவர், "கதவு கோணல். நிற்பவர்களும் கோணல்" என்று எழுதினார். மருமகள் அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி போட்டாள். அதற்குக் கீழே அவர் இன்னொன்று எழுதினார். "என் மருமகள் வைக்கும் சூப்பைக் குடித்தபின், மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாயை ஏன் எடுத்தார்கள் என்று தினமும் வருந்துகிறேன்."

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்தது. மகன் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவன். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் அங்குலம் போடுவான். மருமகள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள், நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வீட்டில் சிரிக்காதவள். பேத்தி கல்லூரியில் இரண்டாம் வருஷம். மேசை மேல் மூவரின் போன்களும் வரிசையாகக் கிடந்தன. அப்பாவுக்குப் புதுப் போன் வாங்குவது முடிவாகிவிட்டது, எந்த மாதிரி என்பது மட்டும் முடிவாக வேண்டும். நோயாளியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. கத்தரிக்கோல் உள்ளே அவர் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"திரைன்னா கண்ணு நிறையணும்," என்றான் மகன், தன்னுடையதைத் தூக்கிக் காட்டி. "ஆறே முக்கால் அங்குலம். எழுத்தெல்லாம் போஸ்டர் மாதிரி தெரியும்."

"பாக்கெட்டும் நிறையும், அப்புறம் கிழியும்," என்றாள் மருமகள். "இந்த மாசம் மட்டும் ரெண்டு பேண்ட் தைச்சிருக்கேன். அதுக்கு இது எவ்வளவோ மேல். மடிச்சா கைக்குள்ள, விரிச்சா முழுசு." அவளுடையது நடுவில் மடிகிற வகை. யாராவது பேச்சை வளர்த்தால் படக்கென்று மூடிப் பேச்சை முடிப்பாள்.

"நடுவுல ஒரு பள்ளம் ஓடுதே, அதையும் சொல்லு. நான் தொட்டா வயசான நெத்தியைத் தொடற மாதிரி இருக்கு."

"உங்க செங்கல்லை நீங்க தூக்கிட்டு நடங்க. என் நெத்தியை நான் பார்த்துக்கறேன்."

"ரெண்டுமே அசிங்கம்," என்றாள் பேத்தி. "ஓரம் தட்டையா இருக்கணும். வளைஞ்சிருந்தா சோப்பு மாதிரி வழுக்கும். அப்பாவோடதுல காமிரா கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கு, மேசையில வச்சா ஆடுது. அம்மாவோடது பவுடர் டப்பா."

"உன்னோடது பின்பக்கம் உடைஞ்சு போறவங்க வர்றவங்க கையைக் கிழிக்குது. அதைப் பேசு," என்றான் மகன்.

"அது தெரியாத மாதிரிதான் பிடிச்சுக்குவேன்."

மூன்று போன்களும் ஒரே நேரத்தில் மேசை மேல் அதிர்ந்தன. மூவரும் குனிந்து பார்த்தார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்த செய்தி. "மூன்றும் குப்பை. பின்பக்கம் உடைந்தது போன் மட்டும் அல்ல."

பேத்தியின் முகம் சிவந்தது. மருமகள் தன்னுடையதைப் படக்கென்று மூடினாள். மகன் அறைப் பக்கம் திரும்பி, "அப்பா, உங்க கண்ணுக்காகத்தான் இவ்வளவும்" என்றான், கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிற குரலில் அல்ல. பிறகு, "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. பெரிசுதானே நல்லது?" என்றான்.

கத்தரிக்கோல் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். "மூணையும் நீங்க ரெண்டு கையால பிடிக்கறீங்க. அவருக்கு ஒண்ணுதான் இருக்கு. வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, இடது கையால எடுத்து, அதே கையால 'தண்ணி'ன்னு எழுதிக் காட்டுங்க. யாரோடது முடியுதோ அதை வாங்குங்க."

யாரும் கையை முதுகுக்குக் கொண்டுபோகவில்லை.

"மருந்து நேரம் ஆயிடுச்சு பாருங்க சிஸ்டர்," என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. வீட்டார்தான் பார்த்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது பேத்தி, கண்ணில் தூக்கம், கழுத்தில் பாசிமணி கோத்த ஒரு கயிறு, அதன் முனை இரவுச் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

"தாத்தா அஞ்சு மணியிலேருந்து கட்டிலைத் தட்டிக்கிட்டே இருக்கார் ஆன்ட்டி. தூங்கவே விடலை."

"எதுக்குத் தட்டறார்?"

"எதுக்குன்னா? கோபம். புதுப் போன் வந்ததிலேருந்து அப்படித்தான்."

மகன் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தான். நல்ல உற்சாகத்தில் இருந்தான். "போனைப் பாருங்க சிஸ்டர். சனிக்கிழமை நீங்க போனதும் ஸ்டாண்டோட வாங்கிட்டேன். பெரிய எழுத்து. நேத்து பூரா ஒரு மெசேஜ் வரலை தெரியுமா. பாவம், படிச்சுக்கிட்டே இருந்திருப்பார்."

அவள் நேராக அறைக்குப் போனாள். கதவு மூடியிருந்தது.

திறந்ததும் அவள் பார்த்தது போனை அல்ல. மனிதரின் நெற்றியை. வேர்த்துக் கொட்டியிருந்தது. இடது கை முஷ்டி கட்டில் கம்பி மேல் இருந்தது, விரல் முட்டிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. அடுத்து, கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். காலி. சொட்டுக்கூட இல்லை. போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தாள். பந்து மாதிரி இறுகியிருந்தது. குழாயைத் தொடர்ந்து விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ராத்திரி படுக்க வைத்தபோது குழாய் தொடைக்கு அடியில் சிக்கி, இரண்டாக மடிந்து, அவருடைய எடையே அதை நசுக்கிக்கொண்டிருந்தது. உணர்ச்சி இல்லாத வலது தொடை, அதனால் குழாய் உறுத்தியதும் அவருக்குத் தெரியாது. நிறைந்து வலித்ததுதான் தெரியும்.

தொடையைத் தூக்கினாள், குழாயை நேராக்கினாள். பை நிரம்பத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மெல்ல இறங்கியது. அவள் பையின் அளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எழுநூற்று இருபது மில்லி.

"பையை யார் பார்த்தது?" என்று வாசல் பக்கம் கேட்டாள்.

மகன் காபிக் கோப்பையோடு வந்து நின்றான். "நான் அஞ்சே முக்காலுக்குப் பார்த்தேன். காலியா இருந்தது. அவ கொட்டிட்டான்னு நினைச்சேன்."

"நான் அஞ்சரைக்கு முன்னாலயே பார்த்தேன்," என்றாள் பின்னால் வந்த மருமகள். "நீங்க கொட்டிட்டீங்கன்னு நினைச்சேன்."

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நல்லவங்கன்னு நினைச்சிருக்கீங்க," என்றாள் கத்தரிக்கோல். "இந்த வீட்ல அது எப்பவும் நடக்காது. இன்னிக்குன்னு பார்த்து நடந்திருக்கு."

அப்புறம்தான் போனைப் பார்த்தாள். படுக்கைக்கு இடது பக்கம், அவர் விரல் நுனி மட்டும் எட்டும் தூரத்தில் ஒரு ஸ்டாண்டில், சின்ன டிவி மாதிரி நின்றது. திரையில் குரூப் திறந்திருந்தது. அனுப்பாமல் எழுதி வைத்த ஒரு வரி கீழே இருந்தது. எழுத்துகள் இருந்தன, சொல் எதுவும் இல்லை. இடது ஓரத்தில் இருக்கிற நாலைந்து எழுத்துகளே திரும்பத் திரும்ப, ஒரு முழு வரி, பிறகு அரை வரி, பிறகு நின்றுபோயிருந்தது.

அவள் திரையை அணைத்தாள். கறுப்புக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாள். அலமாரியிலிருந்து உடம்புக்குப் போடும் பவுடரை எடுத்து அவருடைய இடது கட்டைவிரலில் தடவினாள். போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கனம் தாங்காமல் அது சாய்ந்தது, அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

"எட்டற வரைக்கும் தடவுங்க சார்."

அவருக்கு உடனே புரிந்தது. கட்டைவிரலை விரித்து ஒரு சுற்று ஓட்டினார். கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பிறை விழுந்தது. இடது ஓரத்தில் தொடங்கி, நடுவைத் தொடாமல் வளைந்து கீழே இறங்கியது. அதற்கு அப்பால் முக்கால் திரை கறுப்பாகவே கிடந்தது.

அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"ஆறே முக்கால் அங்குலம் வாங்கினீங்க. அவருக்குக் கிடைச்சது இவ்வளவு," என்றாள். "வலிக்குதுன்னு எழுத வேண்டிய எழுத்தெல்லாம் இந்தக் கறுப்புப் பக்கத்துல இருக்கு. அதான் கட்டிலைத் தட்டியிருக்கார்."

மகன் பிறையைப் பார்த்தான். விரலால் அதை அளக்கப் போனவன் பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"செட்டிங்ல ஒரு கை கீபோர்டுன்னு இருக்கு ஆன்ட்டி," என்றாள் பேத்தி மெல்ல. "எழுத்தெல்லாம் இடது பக்கமா நகர்ந்துடும்."

"அப்படியா. நேத்து ஏன் போட்டுக் குடுக்கலை?"

பேத்தி தரையைப் பார்த்தாள். "என்னை என்ன எழுதினார்னு பார்த்தீங்கல்ல."

"பார்த்தேன். எழுத்து நகர்ந்தா மட்டும் போதாது, கையில பிடிக்கணும். பக்கம் திருப்பிப் படுக்க வச்சா ஸ்டாண்டு கூடவே திரும்பாது. பழைய போன் எங்க?"

"அது போயிடுச்சு," என்றான் மகன் சட்டென்று. "பழசைக் குடுத்துத்தான் புதுசு வாங்கினோம்."

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"கடையிலதான்."

கத்தரிக்கோல் அவனைப் பார்க்கவில்லை. பேத்தியின் கழுத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசிமணிக் கயிற்றின் முனை நுழைந்த சட்டைப் பையின் மேல் துணியில் ஒரு வட்டம் புடைத்திருந்தது. சின்னப் போன்தான் அந்தப் பைக்குள் முழுசாக அடங்கும். மகனுடையதும் பேத்தியுடையதும் அதில் அடங்காது, மடிப்புப் போன் மருமகள் கையில் இருந்தது.

"அதை எடும்மா."

"ஆன்ட்டி, இது..."

"எடு."

பேத்தி எடுத்தாள். வட்டப் பொத்தான், தேய்ந்த ஓரம், பின்பக்கம் முழுக்கப் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இதுல எடுத்தா போட்டோல ஒரு மங்கல் வரும். காலேஜ்ல எல்லாரும் இந்த மாதிரி பழசைத்தான் இப்ப தேடறாங்க. எங்க கிளாஸ்ல என்கிட்ட மட்டும்தான் இருக்கு. உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுட்டேன்."

"உங்க தாத்தாவோட வாயை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுத்திருக்கே."

"போதும் சிஸ்டர்," என்றாள் மருமகள். "நடிக்க வேண்டாம் யாரும். ஆமா, தெரிஞ்சுதான் பண்ணோம். அவர் எழுதக்கூடாதுன்னுதான் பண்ணோம். கண்ணு, எழுத்து, எல்லாம் சும்மா. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். இந்த வீட்ல ஒரு வேளை நான் திட்டு வாங்காம சாப்பிட்டதில்லை. பேச்சுப் போனப்பவாவது முடிஞ்சுதுன்னு நினைச்சேன். உலகத்துக்கே கேட்கற மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டார். நேத்து ஒரே ஒரு நாள் நிம்மதியா சாப்பிட்டோம். அது தப்பா?"

"தப்பில்லை. அந்த நிம்மதி எழுநூத்து இருபது மில்லி. பையில இருக்கு, வந்து பாருங்க."

"இப்படிப் பேசினா நான் ஏஜென்சிக்குச் சொல்லி வேற ஆளைக் கேட்பேன்."

"கேளுங்க. வர்ற ஆள் முதல்ல இந்த நோட்டைத்தான் படிப்பா." பராமரிப்பு நோட்டு அலமாரி மேல் எப்போதும் இருக்கும். எப்போது திருப்பிப் படுக்க வைத்தோம், எவ்வளவு குடித்தார், எவ்வளவு கழித்தார் எல்லாம் அதில் ஏறும். வியாழக்கிழமைகளில் டாக்டர் வந்து பார்ப்பார். "இன்னிக்குத் தேதியில நான் என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க. எழுதிட்டுப் போயிடறேன்."

மருமகள் மடிப்புப் போனைத் திறந்தாள். எண்ணைத் தேடவில்லை.

"அவர் நல்லவர்னு நான் சொல்ல வரலை," என்றாள் கத்தரிக்கோல். குரல் தாழ்ந்திருந்தது, கனிவால் அல்ல, மேசைக்கு அருகில் வந்திருந்ததால். "நாலு மாசமா நானும்தான் வாங்கிக்கட்டிக்கறேன். ஆனா திட்ட ஒரு வாய், மூத்திரம் அடைச்சுதுன்னு சொல்ல ஒரு வாய்னு அவருக்கு ரெண்டு கிடையாது. இருக்கறது ஒண்ணு. அதைப் பிடுங்கினா ரெண்டும் சேர்ந்துதான் போகும். இன்னொரு ராத்திரி இப்படி ஆச்சுன்னா ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் கேள்வி. குரூப்பை விட்டு அவரை எடுங்க. உங்க அண்ணன் நம்பரை அழிங்க. உங்க நம்பரையும் வேணும்னா அழிங்க. சூப்பு பிடிக்கலைன்னு எனக்கு மட்டும் எழுதட்டும். வாயை எடுக்காதீங்க."

ஸ்டிக்கரை முதலில் உரித்தது பேத்திதான். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே உரித்தாள். அழித்ததை எல்லாம் மறுபடி போட்டு, எழுத்தை அவர் கேட்கிற அளவுக்குப் பெரிசாக்கி, குரூப் இல்லாமல் அமைத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் பாசிமணிக் கயிற்றைக் கழற்றப் போனாள்.

"கயிறு இருக்கட்டும்," என்றாள் கத்தரிக்கோல். "அது உபயோகம். கட்டில் கம்பியில மாட்டினா கீழ விழாது."

போன் அவர் இடது கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே அதன் ஓரத்தில் உட்கார்ந்தன. ஒரு நன்றியோ, கண்ணீரோ, அந்த மாதிரிச் சாமான் எதுவும் வெளியே வரவில்லை. சுவரில் எதிரே மாட்டியிருந்த கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நிறுத்தாமல் எழுதினார். கட்டைவிரல் மூலைக்கு மூலை ஓடியது. எழுதி முடித்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார். ரயிலில் சீட்டு எழுதுகிற அதே ஒழுங்கு.

"4.50 வலி. 5.10 கட்டிலைத் தட்டினேன். 5.25 மருமகள். விளக்கைப் போட்டாள், முறைத்தாள், போனாள். கதவை மூடினாள். 5.45 மகன். பசிக்கிறதா என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. 6.30 பேத்தி. காதில் ஏதோ மாட்டியிருந்தாள். 7.06 இவள். ஆறு நிமிடம் தாமதம்."

"லிப்ட் ஓடலை சார்."

"படி இருக்கிறது" என்று எழுதினார்.

அவள் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதியதை வரி வரியாகப் பார்த்து எழுதினாள். வாசலில் நின்ற மகன், "இதெல்லாமா எழுதணும்?" என்றான்.

"எழுநூத்து இருபது எழுதினா, எத்தனை மணியிலேருந்துன்னு டாக்டர் கேட்பார். இவரை விடச் சரியா யாரும் சொல்ல முடியாது."

மருமகள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, "நான் கதவை மூடினதும் எழுதறீங்களா?" என்றாள்.

"மூடினீங்களா இல்லையா?"

மருமகள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கத் தொடங்கினாள். ஏஜென்சிக்கு அன்று போன் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

பக்கத்தின் தலைப்பில், வந்த நேரம் என்ற கட்டத்தில், ஏழு என்று அவள் ஏற்கனவே எழுதியிருந்தாள். நோட்டைத் திறந்த வேகத்தில் கை பழக்கத்துக்கு எழுதியது, எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இப்போது அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 7.06 என்று எழுதினாள். அவர் கழுத்தை நீட்டி அதைச் சரிபார்த்தார். பிறகு போனைத் திருப்பிக்கொண்டு மறுபடி எதையோ எழுதத் தொடங்கினார். முகம் போன போக்கைப் பார்த்தால் அடுத்த திட்டு சூப்புக்குத்தான்.

கட்டைவிரல் நகம் நீண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கண்ணாடியில் தட்டும்போது டிக் டிக்கென்று சத்தம் வந்தது, எழுத்துத் தவறிப் பக்கத்து எழுத்தில் விழுந்தது. சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். போனை அவர் கையிலிருந்து எடுத்து நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள். இடது கட்டைவிரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

அவர் முறைத்தார். எழுத முடியவில்லை.

"ஆடாம இருங்க சார், சதையில படும்," என்றாள். ஒரு நகம் வெட்ட அரை நிமிஷம் போதும். அவள் ஓரத்தை எல்லாம் நீவி, மூலையைத் தேய்த்து, ஊதித் துடைத்து, ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிஷம் வீடு அமைதியாக இருந்தது.